குருசு போட்ட கை

முதல்முறை நற்கருணை வாங்க என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்து புதுநன்மைப் பாடம் படித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாம் எல்லாரும் பேரப்பிள்ளை எடுத்துவிட்டோம். சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு முட்டி வலி. எனக்கு இரண்டும் இருக்கிறது. ஞாபகத்துக்கு மட்டும் இன்னும் ஒரு நோயும் வரவில்லை. அது ஆண்டவர் எனக்குத் தந்த கிருபை. அதை வீணாக்கக் கூடாது.

இந்த வருடத் திருவிழா நவநாளில் வெளியூர்ப் பிரசங்கியார் மைக்கில் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். "இதே ஊரில், தவக்காலத்தில் மூடி வைத்த துணியை விலக்கி ஒரு பெண் தொலைக்காட்சிப் பெட்டியைத் தொட்டாள். பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்த பெட்டி. மின்சாரமே இல்லை. ஆனாலும் ஆண்டவர் அவளைத் தூக்கி எறிந்தார்!" கூட்டம் அல்லேலூயா சொன்னது. நீங்களும் சொன்னீர்கள். நான் சொல்லவில்லை.

அந்தப் பெண் என் சித்தி. என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அவள் விழுந்தபோது பெட்டிக்கு முன்னால் கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பிரசங்கியாருக்கு யாரோ சொன்னார்கள், அவர்களுக்கு யாரோ சொன்னார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பார்த்தேன்.

நமது மண்டபத்துப் பெட்டி உங்களுக்கு மறந்திருக்காது. மரப்பெட்டி. முன்பக்கம் இரண்டு ஓரத்திலிருந்தும் இழுத்து மூடுகிற மடிப்புக் கதவு. கோயிலை ஒட்டிய ஊர் மண்டபத்தில், மாதா படத்துக்குக் கீழே, உயரமான மேசைமேல் உட்கார்ந்திருக்கும். மாதா படம் இருப்பதால் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். உள்ளே சிமெண்டுத் தரை கடல் காற்றில் எந்நேரமும் கசகசவென்று ஈரமாக இருக்கும். மொட்டை மாடியில் இரும்புக் குழாயின் உச்சியில் ஆன்டெனா. அதைக் கிழக்கே திருப்பினால் கடல் தாண்டி இலங்கை டிவி வரும். பாஷை புரியாத செய்தியைக்கூட வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோமே!

பெட்டியை அணைத்தவுடன் நாம் ஆடின விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஓடிப்போய் முழங்கையைத் திரைக் கண்ணாடியில் வைப்போம். படபடவென்று பொரிகிற சத்தம் கேட்கும். கை மயிரெல்லாம் எழுந்து நிற்கும். "பெட்டி முத்தம் குடுக்குடே!" என்று கத்துவோம். அணைத்த பெட்டிக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் தோலுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

என் சித்தி தூத்துக்குடியில் சிஸ்டர்மார் நடத்திய தொழிற்பள்ளியில் ரேடியோ, டிவி வேலை படித்தவள். பிஸ்கட் டின் ஒன்றில் சாமான்களைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் போவாள். அவள் வந்துபோன வீட்டில் ஈயம் உருகின வாசனை கொஞ்ச நேரம் நிற்கும். கேலி பேசுகிறவர்கள் பேசத்தான் செய்தார்கள்.

"ஏளா, கருவாடு காயப்போடுத கையில எதுக்குளா ஸ்குரூடிரைவரு?"

"ஏன் அண்ணாச்சி, உங்க வீட்டு ரேடியோ என்ன, ஆம்பள திருகுனாத்தான் பாடுவேன்னு அடம் பிடிக்கோ?"

அப்படிப்பட்ட வாய். ஆனால் வேலையில் உட்கார்ந்துவிட்டால் பேச மாட்டாள். முதலில் குருசு போடுவாள். நம் பக்கத்தில் சிலுவை அடையாளத்துக்கு அதுதானே பெயர். பிறகு இடது கையைச் சேலை இடுப்பில் செருகிக்கொள்வாள். வேலை முடிகிற வரைக்கும் அந்தக் கை வெளியே வராது.

"ஏன் சித்தி, நொண்டி மாதி ஒத்தக் கையால செய்யுத?"

"ரெண்டு கையும் உள்ள போனா, கரண்டு இந்தக் கையில ஏறி அந்தக் கையில இறங்கும். நடுவுல நெஞ்சு கெடக்குல்லா? ஒரு கை வேலைக்கு, ஒரு கை இடுப்புக்கு. சிஸ்டரு மொதநாளே அதத்தான் சொல்லிக் குடுத்தாக."

இன்னொன்றும் செய்வாள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபைத் தொட மாட்டாள். அது பெரிய கண்ணாடிப் பானை. அதன் தோளில் ஒரு ரப்பர் மூடி, மூடியிலிருந்து தடித்த வயர். நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்றில் வயர் சுற்றி, வயரின் மறுமுனையைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் கிளிப்பால் மாட்டுவாள். ஸ்குரூடிரைவரின் நுனியை ரப்பர் மூடிக்கு அடியில் மெதுவாக நுழைப்பாள். 'டப்' என்று நீலமாய் ஒரு பொறி. சற்றுப் பொறுத்து மறுபடியும் நுழைப்பாள். அதற்குப் பிறகுதான் விரல் வைப்பாள்.

"பிளக்கதான் பிடுங்கியாச்சே, சித்தி?"

"செத்த திருக்கை கொட்டுமா கொட்டாதா?"

கொட்டும். அது கடற்கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வலையில் வந்த திருக்கை மீன் அசையாமல் கிடந்தாலும் வாலிலிருக்கிற முள்ளை ஒடித்துப் போட்ட பிறகுதான் கை வைப்பார்கள்.

"இதுவும் திருக்கைதான். பிளக்கப் பிடுங்குனா செத்த மாதி கெடக்கும். இந்தக் கண்ணாடிப் பானை கரண்டப் பிடிச்சு உள்ளயே வச்சிக்கிடும். முள்ள ஒடிச்சப் பொறவுதான் தொடணும்."

என் வேலை கண்ணாடி பிடிப்பது. பெட்டிக்குப் பின்னால் இருந்து திருகுகிறவளுக்கு முன்னால் ஓடுகிற படம் தெரியாது அல்லவா? அதனால் எங்கள் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியை, பச்சைச் சட்டம் போட்டது, நான் திரைக்கு எதிரே பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் எட்டிப் பார்த்துத் திருகுவாள். கண்ணாடி தூக்கிக்கொண்டு நான் தெருவில் போனாலே, "எந்த வீட்டுலளா படம் வரல?" என்று கேட்பார்கள். ஊருக்கே தெரிந்த கண்ணாடி அது.

நாம் புதுநன்மை வாங்கின வருடத்துத் தவக்காலம். திருநீற்றுப் புதனன்று கோயில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடினார்கள். அந்த வருடம் ஊர்த்தலைவர் புதிதாக ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் மண்டபத்துப் பெட்டியையும் போடக்கூடாது. பெட்டிக்கும் ஒரு ஊதாத் துணி போர்த்தினார். மாதா படத்துக்கும் ஊதா, அதன் கீழே டிவிக்கும் ஊதா. அவ்வளவு வேடிக்கை! ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

உண்மையில் பெட்டி அதற்கு முன்பே சீக்காளியாகிவிட்டது. உப்புக் காற்று ரப்பர் மூடியைத் தின்றுவிட்டது. உள்ளே பாம்பு சீறுவதுபோல் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், படம் குதிக்கும், இடிமழைக்கு முன்னால் வருகிற மாதிரி ஒரு கார வாசனை. புது மூடி தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்தபோது பெரிய வியாழன் ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே ஊர்த்தலைவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"ஏளா, நாளைக்கு மத்தியானம் வந்து பெட்டியப் பாத்துருளா. ஊரே ஒருசந்திக் கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்துக் கெடக்கும்."

சித்தி திகைத்தாள். "பெரிய வெள்ளியாவா, மாமா? சரி பண்ணுனா போட்டுப் பாக்கணுமே. ஊர்க் கட்டுப்பாடு?"

"போட்டா என்ன? சத்தத்தக் கொறச்சு வச்சிக்க. ஈஸ்டருக்குப் படம் வரலன்னா இந்தப் பயலுவ என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவானுவ. ஓய்வுநாள்ல ஆண்டவரு நோயாளியக் கொணமாக்கலியா? அது மாதின்னு நெனச்சிக்க."

இந்த வார்த்தையை நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். அம்மாவும் கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஊர்த்தலைவரே மண்டபத்தைத் திறந்துவிட்டார். படியில் நின்று காவலும் பார்த்தார். சித்தி அன்று முழு ஒருசந்தி, தண்ணீர்கூட வாயில் படவில்லை. ஊதாத் துணியை எடுத்து மடித்து, உதட்டில் ஒற்றி முத்தி செய்து பெஞ்சில் வைத்தாள். பெட்டியின் முதுகைக் கழற்றினாள். முள்ளை ஒடிக்கிற வேலையையும் செய்தாள். நாற்பது நாளாய்க் கிடந்த பெட்டி. பொறி ஒன்றும் வரவில்லை. உப்புத் தூசியைத் துடைத்துப் புது மூடியை மாட்டி, போட்டுப் பார்த்தாள். திரையில் வெளிச்சம் வந்தது. என் கண்ணாடிக்குள் அந்த வெளிச்சம் துள்ளினது.

"எரியுதா?" என்று படியிலிருந்து ஊர்த்தலைவர் கேட்டார்.

"எரியுது மாமா. இன்னும் குதிக்கி. மூடி சரியா உக்காரல."

அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள். ஸ்குரூடிரைவர் அவள் சேலை மடியில் செருகியிருந்தது. அந்த நேரத்தில்தான் கோயிலில் கட்டை அடித்தார்கள். பெரிய வெள்ளியன்று வெண்கல மணி பேசாது அல்லவா? மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் ஊர்த்தலைவர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினார்.

இப்போது நான் எழுதப் போவதைக் கவனமாக வாசியுங்கள். கட்டைச் சத்தம் கேட்டதும் சித்தி வேலையை நிறுத்தினாள். குனிந்திருந்தவள் விழாமலிருக்க, இடுப்பில் செருகியிருந்த இடது கையை எடுத்துப் பெட்டியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளில் நிதானமாகக் குருசு போட்டாள். போட்ட கை அப்படியே ரப்பர் மூடிக்குப் போனது. இடது கையை இடுப்புக்குத் திருப்பவில்லை. ஸ்குரூடிரைவர் மடியிலேயே இருந்தது. பசி. அவசரம். கோயிலுக்கு நேரமாகிறதே என்கிற தவிப்பு. அவ்வளவுதான் நடந்தது.

'டப்' என்று சத்தம் கேட்டது. சித்தி "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. பின்னால் பறந்தமாதிரி போய் பெஞ்சில் தலை மோதி விழுந்தாள். மேசை ஆடியது. என் கையிலிருந்த கண்ணாடி தரையில் விழுந்து சில்லுச் சில்லாகப் போனது. நான் போட்ட அலறலில் கோயிலுக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

சித்தி கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் கூட்டம். வலது கை துணிபோலத் தொங்கியது. விரல் நுனியில் மீன் செதில் அளவுக்கு வெள்ளையாய் ஒரு சூடு. இடது உள்ளங்கையிலும் ஒன்று. யாரோ ஒருவர் தரையில் கிடந்த பிளக்கைத் தூக்கிக் காட்டினார். "கரண்டே இல்லியே! பொறவு எது அடிச்சுது?"

எல்லாரும் ஊர்த்தலைவரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் வேர்வை. அவர் போட்ட கட்டுப்பாடு. அதைப் பெரிய வெள்ளியில் உடைத்ததும் அவர்தான். இப்போது யோசித்தால் அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர் என்று தெரிகிறது. ஆனால் பயந்தவர் சொன்ன பொய்யும் பொய்தான்.

"பெட்டிய யாரும் போடல. நாப்பது நாளா பிளக்கு வெளியதான் கெடக்கு. இந்தப் பிள்ள துணியில கை வச்சிருக்கா. ஆண்டவரு அடிச்சிருக்காரு."

"இல்ல, பெட்டி எரிஞ்சுது!" என்று நான் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

ஏன் பொத்தினாள் என்றும் சொல்லிவிடுகிறேன். சித்திக்குப் புன்னைக்காயலில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கட்டுகிறோம், தடை இருந்தால் சொல்லலாம் என்று கோயிலில் வாசிக்கிற ஓலை. ஊர்த்தலைவர் சரி என்று சொல்லாமல் எங்கள் ஊரில் ஓலை வாசிக்கிற வழக்கமில்லை. அன்று சாயங்காலமே ஊர்க் கமிட்டியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்: உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஊருக்கு முன்னால் முட்டி போட்டு, "என் குற்றத்துக்காக ஆண்டவர் என்னை அடித்தார்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஓலை. இல்லையென்றால் இல்லை.

அடுப்படியில் அம்மா சித்தியின் தலைக்குப் பத்துப் போட்டுக்கொண்டே அழுதாள்.

"ஒரு நிமிசம் முட்டி போட்டா என்னளா கொறஞ்சு போகும்?"

"முட்டிக்கு ஒன்னும் கொறையாது அக்கா. நான் முட்டி போடாத நாளு உண்டா?"

"பொறவு என்ன?"

"நம்ம ஊரு போட்ட கட்டுப்பாட்ட மீறுனேன்னு சொல்லட்டும், ஒத்துக்கிடுதேன். அபராதம் போடட்டும், கெட்டுதேன். ஆண்டவரு அடிச்சாருன்னு எப்படிச் சொல்லுவேன்? அவரு அடிக்கலியே. பிறத்தியாருக்கு விரோதமா பொய்ச்சாட்சி சொல்லாதன்னு படிச்சோமே. ஆண்டவருக்கே விரோதமா பொய்ச்சாட்சி சொல்லச் சொல்லுதியா?"

"அப்பம் தலைவரு போடச் சொன்னதையாவது சொல்லேன்ளா, பாவி."

"அத அவரே சொல்லட்டும். நாளைக்கு ஒரு நாள் கெடக்குல்லா. பெரிய சனி. மனசு மாறுத நாளுதான?"

ஆனால் பெரிய சனியும் போனது. அவர் மாறவில்லை. மண்டபம் கூட்டுகிற பெரியம்மா மட்டும் வந்து எட்டிப்பார்த்து, சித்தியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மண்டபம் நிரம்பிவிட்டது. படியில் செருப்பு மலைபோல் குவிந்திருந்தது. நீங்கள் எல்லாரும் சன்னல் கம்பியில் தொங்கினீர்கள். துணியை எடுத்த மாதா படம் மேலே சிரித்தது. கீழே முதுகு திறந்தபடி பெட்டி. பங்குச் சாமியார் நாற்காலியில் இருந்தார். ஊருக்குப் புதிது, அதிகம் பேசாதவர். சித்தி வலது கையைச் சேலைத் துணியால் கழுத்தில் கட்டியிருந்தாள். நடுவில் வந்து நின்றாள்.

"முட்டி போடுளா," என்றார் ஊர்த்தலைவர்.

"எதுக்கு மாமா?"

சலசலப்பு. ஊர்த்தலைவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "பிளக்கு வெளிய கெடந்துச்சா இல்லியா? பாத்தவுக சொல்லுங்க."

"கெடந்துச்சு, கெடந்துச்சு."

"கெடந்துச்சு," என்றாள் சித்தியும். "நாந்தான் பிடுங்கிப் போட்டேன். நான் ஒன்னு கேக்கேன். செத்த திருக்கை கொட்டுனா ஆண்டவரு கொட்டுனாருன்னு யாராவது சொல்லுதீகளா? பிளக்கப் பிடுங்குனாலும் இந்தப் பானைக்குள்ள கரண்டு நிக்கும். முள்ள ஒடிக்காமத் தொட்டேன். கொட்டிருச்சு. தப்பு என் வேலையில."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அது சரிதாம்டே. எம் பெருவிரலு போனது செத்த திருக்கையிலதான," என்று விரலைத் தூக்கிக் காட்டினார். சிலர் சிரித்துவிட்டார்கள்.

ஊர்த்தலைவர் விடவில்லை. "திருக்க அன்னைக்குப் பிடிச்ச திருக்க. பெட்டி நாப்பது நாளா செத்துல்லா கெடக்கு? நாப்பது நாளா கரண்டே காணாத பெட்டியில முள்ளு எங்கயிருந்து வந்துச்சு?"

கேள்வி சரியான கேள்வி. சித்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது நாளாவா, மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவ்வளவுதான். அவர் சொல்வதற்கு இடம் விட்டாள். அவர் தரையைப் பார்த்தார்.

நான் அம்மாவின் கையைக் கடித்தேன். ஆமாம், கடித்தேன். வாயைப் பொத்தியிருந்த கை அது. விடுவித்துக்கொண்டு நடுவில் ஓடினேன்.

"அப்பம் எங்க வீட்டுக் கண்ணாடி எதுக்கு அங்கன இருந்துச்சு?"

"எந்தக் கண்ணாடி?" என்று சாமியார் நிமிர்ந்தார்.

"பச்சக் கண்ணாடி சாமி. சித்தி படம் பாத்துத் திருகுததுக்கு நான் பிடிப்பேன்லா. படம் எரியாத பெட்டிக்கு முன்னால கண்ணாடி எதுக்கு? அது கீழ விழுந்து ஒடஞ்சு போச்சு."

"சின்னப்பிள்ள பேச்சு," என்று யாரோ ஆரம்பித்தார்கள். அதற்குள் மண்டபம் கூட்டுகிற பெரியம்மா தூணோரமிருந்து எழுந்தாள்.

"சின்னப்பிள்ள பேச்சுன்னா, நேத்து நான் கூட்டி அள்ளுனது என்னவாம்? மொறம் நெறையக் கண்ணாடிச் சில்லு. எங்காலுலகூட ஒன்னு ஏறிருச்சு. இந்தா பாருங்க." அவள் காலைத் தூக்கித் துணிக்கட்டைக் காட்டினாள். "இந்தக் கண்ணாடி வந்தா ஏதோ பெட்டி எரியுதுன்னு அர்த்தம். அது ஊருக்கே தெரியும்லா?"

கடல் இரைச்சல் உள்ளே வந்தது. அப்போது என் அம்மா எழுந்தாள். என் பல் பட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, ஊர்த்தலைவரைப் பார்க்காமல் மாதா படத்தைப் பார்த்துச் சொன்னாள். "பெரிய வியாழன் சாயங்காலம் எங்க வீட்டு வாசல்ல வச்சு, போட்டுப் பாக்கச் சொன்னது யாருன்னு நானும் கேட்டேன். இம்புட்டு நேரம் வாய மூடி இருந்தேன். இனி இருக்க மாட்டேன்."

சாமியார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பயப்படாத. நீ என்ன பாத்தியோ அத மட்டும் சொல்லு."

"கட்டை அடிச்சாக சாமி. சித்தி குருசு போட்டா. போட்ட கையத்தான் மூடியில வச்சா." எனக்கு அழுகை வந்துவிட்டது. "குருசு போட்ட கைய ஆண்டவரு அடிப்பாரா சாமி?"

அவர் எழுந்து சித்தியின் கட்டுப்போட்ட கைக்கு மேலே தன் கையை வைத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "அடுத்த ஞாயிறு ஓலை வாசிப்பேன்," என்றார்.

ஊர்த்தலைவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படி எழுதினால் நான் பொய்ச்சாட்சி சொன்னவள் ஆவேன். ஆனால் சித்தி அவரைச் சும்மா விடவும் இல்லை. பயல்கள் சன்னலில் இருந்து, "அப்பம் இன்னைக்குப் படம் வருமா வராதாக்கா?" என்று கத்தினார்கள். "வரும்டே," என்றாள் சித்தி. படிக்குப் போய்த் தன் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி உள்ளே வந்தாள். மாதா படத்துக்கு முன்னால் செருப்போடு! பாதிப்பேர் மூச்சை இழுத்தார்கள். "மாதாவுக்குத் தெரியும், தரை ஈரம்னு," என்று சொல்லிக்கொண்டே பெட்டியைப் போட்டாள். திரை வெளுத்தது. கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைத்தாள்.

"மாமா, பிளக்க நீங்களே பிடுங்குங்க. பிடுங்கிக் கையிலயே வச்சிக்கிடுங்க. ஊரு பாக்கட்டும்."

அவர் பிடுங்கினார். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, திருவிழாவில் மெழுகுவர்த்தி பிடிக்கிறவர்போல நின்றார். சித்தி கழுத்துக் கட்டை அவிழ்த்து, வலது கையைச் சேலை இடுப்பில் செருகிக்கொண்டாள். இடது கையால் கிளிப்பைச் சட்டத்தில் மாட்டி, ஸ்குரூடிரைவரின் நுனியை மூடிக்கு அடியில் நுழைத்தாள்.

'டப்'.

நீலப் பொறி. பிளக்கைப் பிடித்திருந்தவர் துள்ளிக் குதித்ததில் பின்னால் நின்றவர் காலை மிதித்துவிட்டார். மண்டபம் வெடித்துச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். நான் பார்த்தேன். அதைத்தான் நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

அன்று சாயங்காலம் மூடி சரியாக உட்கார்ந்து படம் குதிக்காமல் வந்தது. ஓலை வாசித்தார்கள், கலியாணம் நடந்தது, சித்தி புன்னைக்காயல் போனாள். பிறகு அந்தப் பெட்டியும் போனது. பானையில்லாத தட்டை டிவி வந்தது. பச்சைச் சட்டத்தில் வேறு கண்ணாடி போட்டோம். அது முகத்தைக் கொஞ்சம் நெளிவாகக் காட்டும். அப்புறம் அதுவும் எங்கேயோ போய்விட்டது. ஆனால் கதை போகவில்லை. பொறியைப் பார்த்தவர்கள் பேசாமல் இருந்ததால், பார்க்காதவர்கள் பேசினார்கள். புண்ணியமான கதையாம். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதையாம். எது நல்லது? கடவுள் பின்னாலிருந்து அடிப்பார் என்று பிள்ளையிடம் சொல்வதா? அந்தக் கதையை நம்பின ஒரு பிள்ளை, நான் பாவம் ஒன்றும் செய்யவில்லையே, பிளக்கும் வெளியேதானே கிடக்கிறது என்று பரண்மேல் கிடக்கிற பழைய பெட்டியைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திறந்து கை வைத்தால் என்ன ஆகும்? அந்தப் பானைக்குப் பாவியும் தெரியாது, புண்ணியவானும் தெரியாது.

நான் அன்றாடம் செபமாலை சொல்கிறவள். அற்புதங்களை நம்புகிறவள். நம்புவதால்தான் இதை அற்புதம் என்று சொல்ல விட மாட்டேன்.

பிரசங்கம் கேட்ட மறுநாள் புன்னைக்காயலுக்குப் பஸ் ஏறினேன். சித்திக்கு முடியெல்லாம் வெளுத்துவிட்டது. அந்த வலது கைச் சுண்டுவிரல் இன்னும் முழுசாக மடங்காது. மைக்கில் சொன்னதைச் சொன்னேன். சிரித்தாள்.

"இன்னுமா சொல்லுதாக? எம் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது. ஆண்டவரு பேரக் கெடுக்காகளே! நீ எழுதுளா. அடிச்சது பெட்டின்னு எழுது."

எழுதிவிட்டேன். அடுத்த நவநாளிலும் முன்வரிசையில்தான் உட்காருவேன். முட்டி வலிக்காரி, உட்கார்ந்தால் எழுவது பெரிய பாடு. ஆனால் மைக்கில் யாராவது மறுபடியும் அந்தக் கதையைத் தொடங்கினால், குருசு போட்டுக்கொண்டு எழுந்து நிற்பேன்.